எடை மெஷினுக்குப் பின்னால்

எலுமிச்சம்பழத்தைக் கைப்பைக்குள் வைத்தால் நசுங்கும். கையில் வைத்திருந்தால் பைத்தியக்காரி மாதிரி இருக்கும். துபாய் அல் கூஸ் சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அதைப் பையிலிருந்து மடிக்கும், மடியிலிருந்து பைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

"அதைக் கொஞ்சம் சும்மா விடேன், பாரதி" என்றார் என் கணவர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க."

அவர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் பச்சை விழுந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் வந்த டெலிவரி பைக்காரன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. வெங்கட்ராமன் என்ற இந்த மனிதர் சாதாரண நாளில் பச்சை விழுவதற்கு முன்பே கியரில் கை வைத்துக் காத்திருப்பவர்.

பழம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா திருச்சியில் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் கிளார்க். ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் குளித்து முழுகி, நல்ல மஞ்சளாக ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரைப் பார்க்கப் போவார். ஆபீஸே வரிசையில் நிற்கும். பெரிய மனிதரைப் பார்க்கும்போது வெறுங்கையை ஆட்டிக்கொண்டு போகக்கூடாது, அவ்வளவுதான். அப்பா ரிட்டயர் ஆகும்வரை ஒருமுறைகூட அவரைத் திருச்சியைவிட்டு மாற்றவில்லை. பழத்தின் மகிமையோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு நான் பார்க்கப் போவது என் கணவரின் முதலாளியை. ரிஸ்க் எடுக்க நான் தயாராக இல்லை.

முதலாளியின் பெயர் டெக்லன். அயர்லாந்துக்காரர். ஓட்டல், கடை, ஆபீஸ் என்று உள் அலங்கார வேலை செய்து கொடுக்கும் கம்பெனி அவருடையது. அதில் என் கணவர் பன்னிரண்டு வருஷமாகக் கணக்கைப் பார்க்கிறார். ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று ஜனவரியிலிருந்தே பேச்சு. யார் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றார் அவர். தினமும் ராத்திரி நான் கேட்பேன், "இன்னும் சொல்லலம்மா" என்பார். எங்கள் பெண் இளவேனில் பன்னிரண்டாம் வகுப்பு. போர்டு எக்ஸாம் நடந்துகொண்டிருக்கிறது. இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி. இந்த நேரத்தில் வேலை போய், விசாவை ரத்து செய்து, பெட்டியைக் கட்டு என்று சொன்னால் அந்தப் பெண் என்னத்தை எழுதும்? நான் டெக்லனிடம் கேட்கப் போவது ஒன்றே ஒன்றுதான். குறைப்பதானால் குறைத்துக்கொள்ளுங்கள், பரீட்சை முடியும்வரை எங்களைத் தொடாதீர்கள். இதை மூன்று ஆங்கில வாக்கியங்களாக்கிக் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

பார்ட்டி விஷயம் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவரோடு வேலை செய்யும் சதீஷ்குமாரின் மனைவியைச் சூப்பர் மார்க்கெட்டில் பார்த்தபோது, "மார்ச் பதினேழு அயர்லாந்துக்காரங்க பண்டிகை, மியூசியத்துல வச்சிருக்காங்க. ஃபேமிலியோட வரச் சொல்லியிருக்காரு. பச்சை கட்டிட்டு வரணுமாம். நீங்க வரலையா?" என்றாள். வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டால், முதலில் அப்படி ஒன்றுமில்லை என்றார். அப்புறம் ரம்ஜான் நோன்பு மாசத்துல யாரும் போகமாட்டாங்க என்றார். அப்புறம், அது மியூசியத்துக்குள்ளே ஒளித்து வைத்திருக்கும் மதுபான பார், குடும்பப் பெண்கள் போகிற இடமில்லை என்றார். சதீஷ்குமார் பெண்டாட்டி போகும்போது எனக்கு என்ன வந்தது? ஜூஸும் இருக்குமாம். ஏதோ புனிதர் பெயரில் பண்டிகை என்றார்களே, வேளாங்கண்ணித் திருவிழா மாதிரி நினைத்துக்கொண்டு தலைக்குக் குளித்து, பாசிப் பச்சையில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கிளம்பும்போது இளவேனில் பயாலஜி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "மா, ப்ளீஸ், அழுதுடாத அங்க" என்றாள். அழுவதா? நானா? நான் போவது காரியத்துக்கு.

மியூசியம் ஒரு பழைய கிடங்கில் இருந்தது. பக்கத்தில் டயர் கடை, எதிரில் லாண்டரி, நடுவில் இது. முழுக்க முழுக்கத் தராசுகள். யாரோ ஒரு பணக்கார அரபி வாழ்நாளெல்லாம் தராசு சேர்த்திருக்கிறார். நமக்கு ஆசையாக இருப்பது புடவை, அவருக்குத் தராசு. உள்ளே இழைத்துக் கொடுத்தது டெக்லனின் கம்பெனிதான், இரண்டு வருஷத்துக்கு முன்பு. அப்போது இவர் ராத்திரி பகலாக இந்த பில்களோடு மல்லுக்கட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

நாங்கள் போனபோது நோன்பு திறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் ஒரு இளைஞர் பேரீச்சங்கொட்டைகளைத் தட்டிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார்! இப்பத்தானே கெளம்புனீங்க, மறுபடியும் வந்துட்டீங்க!"

என் கணவர் வேகமாக, "இவங்க என் வீட்டுக்காரம்மா, கபீர்" என்றார். என்னிடம், "அகமது கபீர். அதிராம்பட்டினம்" என்றார். அதற்குமேல் மூச்சுவிடவில்லை.

கபீர் என்னைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "வாங்கக்கா" என்றார்.

"இப்பத்தானே கெளம்புனீங்கன்னா?" என்று நான் இவரைக் கேட்டேன்.

"மத்தியானம் வந்தேன். ஏசியில ஏதோ கம்ப்ளைன்ட். நம்ம போட்டதுதானே."

கணக்குப் பார்க்கிறவருக்கு ஏசியில் என்ன வேலை? கேட்க வாயெடுப்பதற்குள் கபீர் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரை நீட்டினார். நோன்புக் கஞ்சி. வெந்தயமும் பூண்டும் மணந்தது. "வெஜ்தான் சார், ஒங்களுக்குன்னே கறி போடாம எடுத்து வச்சேன். நீங்க என்னைக்குமே நோன்பு தொறக்குறதுக்கு முன்னாடியே ஓடிர்றீங்க. இன்னைக்காச்சும் குடிங்க."

என்னைக்குமே. அந்த ஒரு வார்த்தை என் காதில் ஈ மாதிரி புகுந்துகொண்டது. இவர் கஞ்சியை நின்றபடியே மடமடவென்று குடித்தார், சூடு பார்க்காமல். "வா, உள்ள போலாம்" என்றார்.

உள்ளே போனால் பார்ட்டியைக் காணோம். வரிசை வரிசையாகத் தராசுகள்தான். ஆளே இல்லை. "எங்கங்க பார்ட்டி?" என்றேன்.

"அந்த பாருக்கு வாசல் வெளியில தெரியாது. ஒளிச்சுதான் வச்சிருக்காங்க. அதுதான் அதோட விசேஷம். கண்டுபிடிச்சுப் போகணும்."

"உங்க கம்பெனி கட்டினதுதானே? உங்களுக்குத் தெரியாதா?"

"நான் பில் பாஸ் பண்ணேன் பாரதி, கதவு பண்ணல" என்றார். சொல்லிவிட்டு, முத்து நிறுக்கும் தராசு ஒன்றைக் காட்டினார். "இதைப் பாரு. பெட்டிக்குள்ள மடங்கும். பித்தளைத் தட்டு. கப்பல்லயே வச்சு நிறுப்பாங்க."

எனக்கு முத்தும் வேண்டாம் பவழமும் வேண்டாம். ஆனால் மனிதர் விடவில்லை. பேரீச்சை மூட்டை நிறுக்கும் இரும்புத் தராசு, குழந்தைகளைப் படுக்க வைத்து நிறுக்கும் பீங்கான் தொட்டில், தபால் நிறுக்கும் குட்டித் தராசு. ஒவ்வொன்றின் ஊரும் காலமும் தடங்கலில்லாமல் வந்தது. கண்ணாடிக்குள் இருந்த குறிப்பை அவர் பார்க்கவே இல்லை. இளவேனில் பிறந்த தேதியையே ஒருமுறை தப்பாக எழுதியவர் இவர். இதெல்லாம் எப்போது மனப்பாடம் ஆனது?

அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சொல்லவே வாய் கூசுகிறது. தினமும் இங்கே வருகிறார். உள்ளே பார் இருக்கிறது. வாசல் தெரியாது என்கிறார். என்னை உள்ளே விடாமல் தராசு காட்டுகிறார். ஆபீஸ் டென்ஷனில் இந்த மனுஷர் குடிக்கப் பழகிவிட்டார்! நோன்பு மாசத்தில் பகலில் அங்கே கொடுக்கமாட்டார்களே என்று ஒரு மனம் சொன்னது. சாயங்காலம் இருட்டியதும் கொடுப்பார்களே, இவர் வீட்டுக்கு ஏழு மணிக்குத்தானே வருகிறார் என்று இன்னொரு மனம் சொன்னது. நான் அவர் பக்கத்தில் நெருங்கி மூச்சை இழுத்துப் பார்த்தேன். பூண்டு வாசனைதான் வந்தது.

கடைசி அறையின் மூலையில் அது நின்றது. நம் ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்குமே, ஆள் உயர எடை மெஷின். சிவப்புப் பெயிண்ட், மேலே கண்ணாடி வட்டம், உள்ளே பம்பரம் மாதிரி வண்ணச் சக்கரம். பின்னால் சுவர் முழுக்க ஒரு பெரிய கண்ணாடி. பார்த்ததும் எனக்குத் திருச்சி ஜங்ஷன் ஞாபகம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இளவேனில் பிறந்த பிறகு நான் எந்த மெஷினிலும் ஏறியதில்லை. டாக்டர் வீட்டிலேயே, "நீங்களே ஒரு நம்பர் போட்டுக்கோங்க" என்று சொல்லிவிடுவேன். இது இவருக்கு நன்றாகத் தெரியும்.

"அது ரிப்பேர்" என்றார், நான் கேட்காமலேயே.

அவர் சட்டைப்பையில் போன் வெளிச்சம் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், உடனே, "ஐயோ, போனை வண்டியிலயே விட்டுட்டேன். இங்கயே இரு, எடுத்துட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

நான் தனியாக நின்றேன். பழம் உள்ளங்கையில் வியர்த்தது. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வந்தார்கள். தலையில் பச்சைத் தொப்பி போட்ட உயரமான வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, ஆரஞ்சு நிறத்தில் ஒட்டுத்தாடி ஒட்டிய ஒருவன். என்னைப் பார்த்து என் புடவைக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவள் மெஷின் மேல் ஏறினாள், காசு போட்டாள். ரிப்பேர் என்ற மெஷின் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. சக்கரம் சுற்றியது. டக் என்று ஒரு அட்டை விழுந்தது. பின்னால் இருந்த கண்ணாடிச் சுவர் கதவாகத் திறந்து, இரண்டு பேரும் உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

அடப்பாவி மனுஷா என்றேன், வாய்விட்டே.

இதில் ஏறமாட்டேன் என்ற தைரியத்தில்தானே என்னை இங்கே நிறுத்திவிட்டுப் போனார்! இருக்கட்டும். பையைத் துழாவி ஒரு திர்ஹம் எடுத்தேன். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சக்கரம் என்னமோ இருமடங்கு வேகத்தில் சுற்றியது மாதிரி எனக்குத் தோன்றியது. விழுந்த அட்டையைப் பார்க்காமலேயே பையில் திணித்தேன். கதவு திறந்தது.

வாசலிலேயே ஒரு பிலிப்பினோப் பெண், கல்யாண வீட்டில் சந்தனம் வைப்பதுபோல் வருகிற ஒவ்வொருவருக்கும் மூன்று இதழ் கொண்ட பச்சை இலை ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள். என் தோளிலும் எங்கேயோ ஒட்டினாள். நான் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை.

கூட்டமான கூட்டம். மேலிருந்து பித்தளை விளக்குகள் தொங்கின. எல்லாம் பச்சை. தொப்பி, டை, கண்ணாடி டம்ளருக்குள் இருந்ததும் பச்சை. ஆனால் திருவிழாவுக்கான சத்தம் இல்லை. நோன்பு மாசம் என்பதால் வாத்தியம் கிடையாது போலிருக்கிறது. ஒரு தாத்தா வயலினை மடியில் படுக்க வைத்துக்கொண்டு வில்லால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் அதற்கு வாய்க்குள்ளேயே பாடி, உள்ளங்கை படாமல் கை தட்டினார்கள். அடுத்த அறையில் குழந்தை தூங்குகிற வீட்டில் விருந்து நடப்பதுபோல் இருந்தது.

தூணுக்குப் பக்கத்தில் சதீஷ்குமார் நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. குடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். மனைவியை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நகர்ந்தான்.

டெக்லனைத் தேட வேண்டியிருக்கவில்லை. பார் மேஜைக்கு முன்னால் எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக, பச்சை டை கட்டிக்கொண்டு நின்றார். அறுபது வயதிருக்கும். சிவந்த முகம், சாதுவான கண்கள். கம்பெனி ஆண்டு விழாவில் ஒருமுறை என் கையால் செய்த முறுக்கைச் சாப்பிட்டிருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு இரண்டு கையையும் விரித்தார்.

"மிசஸ் வெங்கட்! நீங்கள் வந்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெங்கட் எங்கே?"

"வருகிறார், சார்." இரண்டு கையாலும் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அப்பா நீட்டுவது மாதிரியே, லேசாகக் குனிந்து. "உங்கள் பண்டிகைக்கு."

அவர் அதை வாங்கி மூக்கின் அருகே வைத்து முகர்ந்து பார்த்தார். "அடடா! மிகச் சரியாக வந்தீர்கள்" என்று திரும்பி, பார் மேஜைக்குப் பின்னால் இருந்தவனிடம் தூக்கிப் போட்டார். அவன் அதை அந்தரத்தில் பிடித்தான். பலகையில் வைத்தான். நாலே வெட்டு. பூஜை அறையில் மூன்று நாள் வைத்திருந்த பழம். கண்ணெதிரே வட்டம் வட்டமாகி, வரிசையாக இருந்த டம்ளர்களின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு துண்டு டெக்லனின் டம்ளருக்கே போனது.

அப்பா பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அதையும் விழுங்கிக்கொண்டேன். வந்த காரியம் முக்கியம். ஒத்திகை பார்த்த முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். "சார், என் கணவர் மிகவும் உண்மையான உழைப்பாளி..."

"எனக்கா தெரியாது?" என்றார் டெக்லன். டம்ளரைக் கீழே வைத்தார். சிரிப்பு போயிருந்தது. "அந்த நாளை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு சரியில்லை. பேங்க் சொன்னது, இத்தனை பேரைக் குறைக்க வேண்டும் என்று. பன்னிரண்டு வருஷம் கூட இருந்தவரை அனுப்புவது... பிப்ரவரியில் நான் நன்றாகத் தூங்கவே இல்லை, நம்புங்கள். இன்றைக்கு அவர் வரவேண்டும் என்று நானேதான் மெசேஜ் அனுப்பினேன். பதில் இல்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் வந்துவிட்டீர்கள்."

பிப்ரவரி.

நான் அவர் டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டையிலும் சின்னச் சின்ன இலைகள்.

"அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை" என்று டெக்லன் தொடர்ந்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். "கேட்டது ஒன்றே ஒன்று. மகளுக்குப் பரீட்சை, அது முடியும்வரை எங்கள் விசாவைத் தொடாதீர்கள் என்றார். ஏப்ரல் முடியும்வரை தொடமாட்டேன் என்று கை கொடுத்தேன். அந்த வார்த்தையில் மாற்றம் இல்லை. நீங்கள் கவலைப்படாதீர்கள். மகள் எப்படி எழுதுகிறாள்?"

மூன்று வாக்கியம் வைத்திருந்தேன். இரண்டாவதும் மூன்றாவதும் எனக்கு முன்னாலேயே, போன மாதமே, ஒரு மனிதர் தனியாக வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

"நன்றாக எழுதுகிறாள், சார்" என்றேன். "இன்னும் இரண்டு பேப்பர்தான். ரொம்ப நன்றி. பண்டிகை வாழ்த்துகள்." அழவில்லை. இளவேனில் சொன்னாளே, அதனால் அழவில்லை. அவர் எனக்கு ஜூஸ் எடுக்கத் திரும்பியபோது, தாத்தாவின் வில் முழங்காலில் தட்டுகிற அந்தத் தாளத்துக்கு நடுவே புகுந்து கதவைத் தேடி வெளியே வந்துவிட்டேன்.

கண்ணாடி மூடிக்கொண்டது. எடை மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கோபம் வந்தது. கொஞ்ச நஞ்சம் இல்லை. ஒரு மாசமாகத் தினமும் ஐந்தரைக்கு எழுந்து லஞ்ச் கட்டிக் கொடுத்திருக்கிறேன். சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். "இன்னைக்கு என்ன ஆபீஸ்ல?" என்று கேட்டால், மீட்டிங் என்பார், ஆடிட் என்பார். எல்லாவற்றையும் நம்பியிருக்கிறேன். நான் என்ன மூன்றாம் மனுஷியா? என்னிடம் சொன்னால் என்ன? வரட்டும், இந்தத் தராசு அத்தனையும் அதிர்கிற மாதிரி கேட்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த அறையைப் பார்த்தேன். பீங்கான் தொட்டிலுக்கு எதிரே ஒரு மர பெஞ்சு. ஏசிக் காற்று நேராக அதன்மேல் விழுகிறது. இங்கேதான் உட்கார்ந்திருப்பார். காலையில் வந்து, ஒவ்வொரு தராசாகப் படித்து, டிபன் டப்பாவை எங்கேயோ கபீரின் அறையில் நோன்பாளிகள் கண்ணில் படாமல் திறந்து, நான் வைத்த புளிசாதத்தைச் சாப்பிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்து, எப்போது ஏழு மணி ஆகும் என்று பார்த்துக்கொண்டு. வீட்டுக்கு வந்து டப்பாவை சிங்கில் போடும்போது, "புளிசாதம் நல்லாயிருந்துச்சு" என்று ஒருநாளும் சொல்லத் தவறியதில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். என் முகத்தைப் பார்த்தால் இளவேனிலுக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் சொல்லவில்லை. என் முகத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதா? இதுதான் எனக்கு ஆத்திரத்தையும் கிளப்பியது, அழுகையையும் கிளப்பியது. இரண்டையும் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். அறை வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் போன். என்னையும் எடை மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கெடச்சுதா போன்?" என்றேன்.

"கெடச்சுது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ... பார்ட்டிக்கு வழி..."

"எங்க தேடியும் அந்தக் கதவைக் காணோங்க" என்றேன். "அலுத்துப்போச்சு. பாப்பா தனியா இருக்கா. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

என் வாழ்நாளில் அவ்வளவு சரளமாக நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. முகத்தைக்கூடச் சரியாகத்தான் வைத்துக்கொண்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் என் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அருகில் வந்தார். தோளில் கை வைத்து, நகத்தால் கிள்ளி எதையோ எடுத்தார். அந்தப் பச்சை இலை. அதை எந்தக் கதவுக்கு உள்ளே ஒட்டுவார்கள் என்று, அந்தக் கதவுக்குப் பில் பாஸ் பண்ணியவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நான் வேறு பக்கம் பார்த்தேன். பித்தளைத் தட்டுகள் எல்லாம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன.

"கஷ்டம்தான்" என்றார் கடைசியில். "யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரிதான் செஞ்சிருக்கோம்." இலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

கவுண்டரைத் தாண்டும்போது கபீர் எழுந்து நின்றார். "அதுக்குள்ள கெளம்பிட்டீங்களாக்கா?" என்றார். நான் அவரை நன்றாக ஒருமுறை பார்த்தேன். ஒரு மாசமாக என் வீட்டுக்காரருக்கு உட்கார இடம் கொடுத்த பையன். "வரோம்ப்பா" என்றேன்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். டயர் கடையின் விளக்கு முகத்தில் அடித்தது. அவர் சாவியைப் போட்டார், ஆனால் திருப்பவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார். ஏதாவது சொல்லிவிடுவார் போலிருந்தது. சொல்லிவிட்டால் நானும் சொல்லிவிடுவேன். அப்புறம் இரண்டு பேரும் வீங்கின கண்ணோடு வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணின் முன்னால் நிற்கவேண்டும். இன்னும் இரண்டு பேப்பர் இருக்கிறது.

"என்னங்க" என்றேன்.

"ம்."

"நாளைக்கு உங்க லஞ்சோட அந்தக் கபீருக்கும் ஏதாச்சும் செஞ்சு தரேன். சாயங்காலம் நோன்பு தொறக்கறப்போ சாப்பிடட்டும். நீங்களும் அவசரப்பட்டு ஓடி வராம, கூட உக்காந்து கஞ்சி குடிச்சிட்டு வாங்க."

பின்னால் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

"அவனுக்கு உளுந்து வடைன்னா ரொம்பப் பிடிக்கும்" என்றார்.